இன்ஜின் என்னுடையது, இருக்கை அவளுடையது

கார் வாங்கப் போகும்போதே நானும் என் மனைவி போர்கில்டும் பாகம் பிரித்துக்கொண்டோம். முன்மூடிக்குக் கீழே இருப்பதெல்லாம் என் பொறுப்பு. கதவுக்கு உள்ளே இருப்பதெல்லாம் அவள் பொறுப்பு.

விற்பனையாளர் நான்கு வகை இன்ஜின் சொன்னார். டீசல், பெட்ரோல், பாதிக்குப் பாதி, முழு மின்சாரம். முப்பத்தொரு வருடம் நான் ஃபெரிக் கப்பலில் டீசல் இன்ஜினோடு குடித்தனம் செய்தவன். அந்த நாற்றம் இனி வீட்டு வாசலுக்கே வரக்கூடாது என்றாள் போர்கில்ட். அவள் கண் மின்சாரத்தின் மேல்.

“நம்ம தெருவுல எல்லாரும் அதத்தானே வாங்கறாங்க, அஸ்லாக்.”

“சத்தமே போடாத இன்ஜின நான் நம்ப மாட்டேன். உயிரோட இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?”

“ஓ, அதுக்குத்தான் நீ ராத்திரி பூரா குறட்டை விடறியா?”

பெட்ரோல் என்று முடிவானது. அவள் தன் பாகத்தில் பாலேட்டு நிறத் தோல் இருக்கைகளைத் தேர்ந்தெடுத்தாள். முதுகைப் பிடித்துவிடும் இருக்கைகள். பதினொரு விதமாகப் பிடிக்கும். மூன்றாவது விதத்தைக் கண்டுபிடித்த பிறகு, ஜனவரி முழுவதும் நான் சாப்பிட மட்டும்தான் வீட்டுக்குள் வந்தேன். பின்னிருக்கையில் மடித்து விரிக்கும் சாப்பாட்டு மேசை ஒன்றும் இருந்தது. “பின்னாடி உக்காந்து யாரு சாப்பிடப் போறா, ராஜாவா?” என்று அதை நான் கேலி செய்தேன். அந்தப் பேச்சைப் பின்னால் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊரில் குளிர்காலத்தில் எவன் காரைத் திறந்தாலும் பின்பெட்டியில் ஒரு மண்வாரியும் இரண்டு கம்பளியும் கிடக்கும். எங்கள் பின்பெட்டியிலும் பாலேட்டு நிற விரிப்பு. அது அழுக்காகக் கூடாதென்று மண்வாரியை எடுத்துக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தது நான். கம்பளிகளை எடுத்து வீட்டு அலமாரியில் வைத்தது அவள். இதில் மட்டும் எங்களுக்குள் சண்டையே வரவில்லை.

பிப்ரவரியில், மகள் வீட்டுக்கு ஹார்டாங்கர் மலையைக் கடந்து போகவேண்டியிருந்தது. மேலே புயல். தடுப்புக் கம்பத்தருகே பதினேழு கார்கள் வரிசையில் நின்றன; பனி ஒதுக்கும் வண்டி முன்னே போக, நாங்கள் பின்னே போகவேண்டும். சாலைக்காரர் ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டிக்கொண்டு வந்தார்.

“மண்வாரி இருக்கா? கம்பளி?”

“இருக்கு,” என்றேன்.

“முன்னாடி போற வண்டியோட சிவப்பு விளக்க விடாதீங்க. நின்னா உள்ளயே இருங்க. எறங்கி நடந்தவங்கள நாங்க பனி உருகி மே மாசந்தான் பாப்போம்.”

மதியம் இரண்டு மணிக்கு, மலையின் உச்சியில் வரிசை நின்றது. முன்னால் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. சிறிது நேரத்தில் சிவப்பு விளக்கு மங்கியது, பிறகு காணாமல் போனது. பகல்தான், ஆனால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது டிகிரி, உள்ளே இருபத்திரண்டு டிகிரி வெதுவெதுப்பு. இன்ஜினை ஓடவிட்டேன். இருக்கையை மூன்றாவது விதத்தில் வைத்தேன். போர்கில்ட் மருமகனுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். தோர்கில்ஸ் இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்தவன். அவனுக்குப் பின்னுவதும் ஃபெரிக்கு உறை தைப்பதும் ஒன்று.

“இவ்வளவு சுகமா எங்கயும் மாட்டிக்கிட்டதில்ல,” என்றேன்.

“எனக்குத் தலைய வலிக்குது.”

“காலையில தின்ன மீன் வடையா இருக்கும்.”

ஊசிகள் டிக் டிக் என்று பேசிக்கொண்டிருந்தன. எனக்கும் கண் செருகியது. எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. பிறகு, ஊசிகள் பேசவில்லை என்பது தெரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னங்கள் இளம்பெண்ணைப் போலச் சிவந்திருந்தன. எழுபத்திரண்டு வயதில் அப்படிச் சிவப்பது நல்லதில்லை. ஃபெரியின் இன்ஜின் அறையில் புகையில் மயங்கி அதே நிறத்தில் கிடந்த ஒருவனை நான் தூக்கி வெளியே போட்டிருக்கிறேன். புகைக்குழாய்! பனி அதன் வாயை அடைத்துவிட்டது. புகை எங்களிடமே திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

கை என் சொல்லைக் கேட்கவில்லை. மூன்றாவது முயற்சியில்தான் இன்ஜின் அணைந்தது. கண்ணாடிகளை இறக்கினேன். புயல் உள்ளே வந்தது.

“போர்கில்ட்! ஏய், போர்கில்ட்!”

பதில் இல்லை. கன்னத்தில் தட்டினேன். இல்லை. அவள் மடியிலும் இருக்கையிலும் பனி கொட்டியது.

“சீட்டு... நனையுது,” என்று முனகினாள்.

அதைவிட இனிமையான சொல்லை நான் கேட்டதில்லை. உடனே அந்த இருக்கையின் மேலேயே வாந்தி எடுத்தாள்.

ஆனால் இன்ஜின் இல்லாமல் அந்தக் குளிரில், கம்பளியும் இல்லாமல், ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. இன்ஜினைப் போடவேண்டுமென்றால் குழாயைத் திறக்கவேண்டும். அதற்குக் கீழே இறங்கவேண்டும். அவள் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரிலிருந்து தொங்கிய நூலின் முனையை என் இடுப்பு வாரில் கட்டினேன்.

“நான் இழுத்தா நீ திருப்பி இழு. தூங்காத. தூங்கினே, உன் ஃப்ரிட்ஜுல இருக்கற பழுப்புச் சீஸ் பூரா நாந்தான் திம்பேன்.”

“மண்வாரி எங்க, கிழவா?”

பின்னிருக்கை மேசையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டேன்.

காரைத் தடவித் தடவிப் பின்பக்கம் போனேன். இடுப்பளவு பனி. மண்டியிட்டு மேசையால் தோண்டினேன். குழாய் கைக்குப் பட்டது. விரலை விட்டு உள்ளே இருந்ததையும் நோண்டி எடுத்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் ஒதுக்கலாமே என்று மேசையைத் தூக்கினேன். காற்று அதைக் கப்பல் பாயாக எடுத்துக்கொண்டது. அது பறந்தது, அதைப் பிடித்திருந்த நானும் பறந்தேன்.

விழுந்து எழுந்தபோது கார் இல்லை. எந்தப் பக்கமும் இல்லை. என் கையே எனக்குத் தெரியவில்லை. நூலை இழுத்தேன். அது வந்தது. இன்னும் இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. எதிர்ப்பே இல்லை. அப்படியென்றால் அவள் கையைவிட்டுப் போய்விட்டது. தூங்கிவிட்டாள். கண்ணாடியெல்லாம் திறந்து கிடக்கிறது. இழுத்தேன், வந்தது. நூல் என் கையில் பந்தாகச் சேர்ந்தது. நான் அழவில்லை, அழுதிருந்தால் உறைந்திருக்கும்.

திடீரென்று நூல் விறைத்தது. அந்த முனையிலிருந்து ஓர் இழுப்பு. அன்பான இழுப்பு இல்லை; இடுப்பு வாரே அறுந்துவிடும் போன்ற இழுப்பு. நூலைச் சுற்றிக்கொண்டே தவழ்ந்தேன். முப்பது அடியில் என் தலை கதவில் இடித்தது.

உள்ளே போர்கில்ட் இரண்டு ஊசிகளையும் நூலின் கடைசி முடிச்சையும் முஷ்டியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழு விழிப்பு.

“முழு ஸ்வெட்டரயும் உருவிட்டியே, பாவி! நாலு மாச வேலை!”

நான் இழுக்க இழுக்க, அவள் மடியில் தோர்கில்ஸின் மார்பும் முதுகும் வயிறும் வரிசை வரிசையாகக் கரைந்து, அடிக்கரை வரைக்கும் போயிருக்கிறது. அவன் சாதாரண உயரமுள்ள மனிதனாக இருந்திருந்தால் நூல் முன்பே தீர்ந்து கையைவிட்டுப் போயிருக்கும், நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இன்ஜினைப் போட்டேன். ஒரு கண்ணாடியைத் திறந்தே வைத்தோம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இறங்கிக் குழாயைத் துடைத்தேன், இடுப்பில் அதே நூலோடு. ஆறாவது முறை போகும்போது பனி ஒதுக்கும் வண்டியின் மஞ்சள் விளக்கு தெரிந்தது.

போர்கில்ட் அதே நூலில் ஸ்வெட்டரைத் திரும்பப் பின்னினாள். நான் கையில் சுற்றிய பகுதி புகைக்குழாய்க் கரி படிந்து கருத்திருந்தது, துவைத்தும் போகவில்லை. மார்புக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. அது ஏதோ பழைய வடிவம் என்று தோர்கில்ஸ் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறான்.

அடுத்த காருக்கும் பாகம் பிரித்தாயிற்று. இருக்கைகள் என் பொறுப்பு, கறுப்புத்தான். இன்ஜினை அவள் எடுத்துக்கொண்டாள். புகைக்குழாயே இல்லாத கார்தான் என்று சொல்லிவிட்டாள். நான் எதிர்க்கவில்லை. மண்வாரி இப்போது பின்னிருக்கையில், வார் கட்டி, உட்கார்ந்து வருகிறது.