மகிழினியின் பதிவு எண்

வேலைக்குக் கிளம்பும் முன் சிலர் ராசிபலன் பார்ப்பார்கள். நான் மகிழினியைப் பார்ப்பேன். உளவியல்காரர்களைப் பதிவு செய்யும் தில்லி கவுன்சிலின் இணையதளத்தில் அவள் பெயரைத் தட்டினால் போதும், பதிவு எண்ணோடு வந்து நிற்பாள். அதைப் பார்த்து வயிறெரிந்துவிட்டுத்தான் ராயபுரத்தில் பஸ் ஏறுவேன்.

நானும் அவளும் ஒரே வகுப்பில் எம்.ஏ. உளவியல் படித்தோம். முடித்ததும் அவள், பதிவு வாங்க இன்னும் இரண்டு வருஷம் படிக்கணும், வா மெஹ்னாஸ், சேர்ந்தே போகலாம் என்று கூப்பிட்டாள். ஒரு நம்பருக்கா இரண்டு வருஷம் என்று சிரித்தேன். யார் சிரிக்கச் சொன்னது? இப்போது திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் நான் கவுன்சிலர். விளையாட்டுச் சாமான் போட்டிருக்கும் அறையில் பாதிதான் என் அறை. அதே பள்ளிக்குப் புதன்கிழமை மட்டும் வரும் அவளுக்கு வாசலில் பெயர்ப்பலகை. பிள்ளைகளின் அழுகை, சண்டை, காதல், பரீட்சை பயம் எல்லாம் என் தலையில். ஆனால் ஒரு பிள்ளைக்கு என்ன குறைபாடு என்று எழுதிக் கையெழுத்துப் போட அவளால்தான் முடியும். நான் போட்டால் செல்லாது. தலைமை ஆசிரியை அவளை டாக்டர் என்பார். டாக்டர் இல்லை மேடம், சைக்காலஜிஸ்ட்தான் என்று அவள் திருத்துவாள். அதற்கும் ஒரு பாராட்டு கிடைக்கும்.

பத்தாம் வகுப்பு மரியம் விஷயத்தில் எனக்கு ஆறவே இல்லை. வாயால் கேட்டால் கணக்கும் அறிவியலும் கடகடவென்று சொல்வாள். எழுதச் சொன்னால் எழுத்தெல்லாம் இடம் மாறிவிடும். எல்லோரும் சோம்பேறி என்று திட்டியபோது, இது கற்றல் குறைபாடு என்று சொன்னவள் நான். எண்ணூரில் டிரெய்லர் லாரி ஓட்டும் அவள் அப்பாவை உட்காரவைத்துப் புரியவைத்தவளும் நான். போன புதன்கிழமை மகிழினி வந்தாள், சோதித்தாள், கையெழுத்துப் போட்டாள். அந்தச் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆளும் உண்டு. மரியத்தின் அம்மா தம்ரூட் என்ற ரவை இனிப்பு செய்து கொண்டுவந்து யாரிடம் கொடுத்தார்? மகிழினியிடம். அவள் அதில் பாதியை எனக்குத் தந்தாள். அப்படியே டப்பாவில் மூடிவைத்தேன்.

ஒரு வாரமாகப் படுத்துக் கிடந்த இணையதளம் இந்தத் திங்கட்கிழமைதான் எழுந்தது. அவள் பெயருக்கு நேரே காலாவதி என்று இருந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மகராசி மறந்திருக்கிறாள். போன செவ்வாயோடு பதிவு முடிந்துவிட்டது.

அல்லாஹ் மன்னிக்கட்டும், எனக்குச் சந்தோஷம் பொங்கியது. டோல்கேட் நெரிசல்கூட உறைக்கவில்லை. தலைமை ஆசிரியையிடம் இதை எப்படி எடுப்பது என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்தேன். நமக்கெதுக்கு மேடம் வம்பு என்று ஆரம்பிப்பதாக முடிவு செய்தேன்.

சாப்பாட்டு வேளையில் மரியம் வந்தாள். எழுத வருகிறவர் தான் சொல்வதை அப்படியே எழுதுவாரா என்று கேட்டாள். எழுதுவார் என்றேன். அப்படியென்றால் மிஸ், கணக்கில் எனக்கு சென்டம்தான் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை அவள் சான்றிதழ் தேர்வுத் துறைக்குப் போகிறது. யாராவது பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்தால் மரியத்துக்கு எதுவும் கிடைக்காது. தலைமை ஆசிரியையிடம் சொன்னால் மகிழினி மாட்டுவாள், ஆனால் அதற்குள் இன்னொருவரை அவர் எங்கே பிடிப்பார்? பதிவு உள்ளவர்களை மகிழினிக்குத்தான் தெரியும். அவளிடமே சொல்ல வேண்டும். சொன்னால் என்ன கேட்பாள் என்றும் தெரியும். போன் போட்டேன்.

"உன் பதிவு முடிஞ்சு போச்சுடீ. மரியத்துக்கு நீ கையெழுத்துப் போட்டது அதுக்கு மறுநாளு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற யாராவது அவள டெஸ்ட் பண்ணணும்."

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கே தெரியாது. உனக்கு எப்டிடீ தெரியும்?"

"டெய்லி உன் பேரத் தட்டிப் பாத்துகினு கீறேன்."

"பாத்ததும் சந்தோஷப்பட்டியா?"

"பட்டேன்."

"எவ்ளோ நேரம்?"

"மத்தியானம் வரைக்கும்."

போனை வைத்துவிட்டாள்.

ஆனால் சாயங்காலத்துக்குள் தண்டையார்பேட்டையில் அவளுக்குத் தெரிந்த சீனியர் ஒருவரைப் பிடித்துவிட்டாள். அதே சோதனையை உடனே திரும்ப வைக்கக் கூடாது என்பதால் அவர் மரியத்தை வேறொரு முறையில் சோதித்துக் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை சான்றிதழ் போய்ச் சேர்ந்தது.

நடுவில் புதன்கிழமை மகிழினி பள்ளிக்கு வந்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு தலைமை ஆசிரியையிடம் போனாள். தப்பு என்னுடையது, கண்டுபிடித்துக் காப்பாற்றியது மெஹ்னாஸ், புதுப்பிக்கும் வரை வரமாட்டேன் என்று நிமிர்ந்து நின்று சொன்னாள். தலைமை ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பை ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை மட்டும் மகிழினி சொல்லவே இல்லை. நானாக இருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதற்கும் சேர்த்து எனக்கு வயிறெரிந்தது.