எந்த மிஸ்?

அந்தப் பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் என்பது ஒப்புக்குச் சப்பாணி. பாடம் முடியவில்லை என்று கணக்கு மாஸ்டர் கேட்டால் அவருக்கு, மழை வந்தால் மழைக்கு. மிச்சம் கிடைத்த நேரத்தில் ஒன்பதாம் வகுப்பை ஓடவைப்பது பி.டி. மிஸ்ஸின் வேலை. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் விசில். அதே வகுப்பில் படித்த அவள் மகளுக்குப் பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை. சின்ன விசில், அவ்வளவுதான்.

வருஷத்தின் முதல் வாரத்திலேயே கணக்கு மாஸ்டர் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன மிஸ், இந்தத் தடவை ஓட்டப்பந்தயக் கப்பு நேரா உங்க வீட்டு ஷோகேஸுக்குத்தானே?"

விளையாட்டாகத்தான் கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். ஆனால் அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்று சாயங்காலமே வீட்டில் சட்டம் போட்டாள்.

"கிரவுண்டுல நான் உனக்கு மிஸ். அம்மான்னு இழுத்துக்கிட்டு வரக் கூடாது. அதே மாதிரி கிரவுண்டு கதை எதையும் வீட்டுக்குத் தூக்கிட்டு வரக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மிஸ்!" என்று மகள் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள். இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

மகள் சட்டத்தை அச்சு பிசகாமல் காப்பாற்றினாள். அம்மாதான் ஒரு படி மேலே போனாள். மற்றவர்களுக்கு இரண்டு ரவுண்டு என்றால் மகளுக்கு மூன்று. தன் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒருவரும் விரல் நீட்டிவிடக் கூடாதாம். இதுவும் ஓரவஞ்சனைதான் என்று அவளிடம் யார் சொல்வது?

இடையில் மகளுக்கு நான்கு நாள் காய்ச்சல் வந்து போயிற்று. ஐந்தாம் நாள் கிரவுண்டுக்கு வந்தவள் இரண்டாவது ரவுண்டில் நின்றாள்.

"மிஸ், மூச்சு வாங்குது."

"ஓடுனா மூச்சு வாங்காம வேறென்ன வாங்கும்? ஓடு, ஓடு."

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. அடுத்த வாரம் மகள் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு மறுபடி அதையே சொன்னாள். வயிற்றுவலி என்று வந்த இன்னொரு பெண்ணை அப்போதுதான் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருந்தாள் மிஸ். மகளைப் பார்த்து விசிலை மட்டும் ஊதினாள்.

வீட்டில் அவள் அம்மாவாகத்தான் இருந்தாள். மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எட்டு மணிக்கே படுக்கப் போனதைப் பார்த்து, "என்னடி ஆச்சு?" என்று நெற்றியைத் தொட்டும் பார்த்தாள். "ஒண்ணுமில்லம்மா" என்றது பிள்ளை.

மூன்றாம் வாரம் உடற்தகுதித் தேர்வு. அறுநூறு மீட்டர். கடைசி வளைவில் மகள் விழுந்தாள். ஸ்டாப்வாட்சை நிறுத்தக்கூடத் தோன்றாமல் அம்மா ஓடினாள். அப்போதும் அந்தப் பெண், "சாரி மிஸ்" என்றுதான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் படங்களையெல்லாம் பார்த்துவிட்டுக் கட்டிலருகே வந்தார்.

"காய்ச்சலோட சேர்ந்து இதயத் தசையில வீக்கம் வந்திருக்கு. அப்பவே ஓய்வு கொடுத்திருந்தா பெரும்பாலும் தானாவே சரியாகியிருக்கும். ஓட ஓடத்தான் இவ்வளவு மோசமாயிருக்கு. உயிருக்குப் பயமில்லை. ஆனா இனிமே ஓட்டம், விளையாட்டெல்லாம் மறந்துட வேண்டியதுதான். மாடிப்படிகூட நின்னு நின்னுதான் ஏறணும்." பேனாவை எடுத்தார். "முன்னாடியே மூச்சுத்திணறல் இருந்திருக்கணுமே. உங்ககிட்ட சொல்லலையா?"

"இல்ல டாக்டர். எங்கிட்ட அவ எதையும் மறைக்க மாட்டா."

அவள் மனதாரத்தான் சொன்னாள். கட்டிலிலிருந்து மகளின் குரல் வந்தது.

"அம்மாகிட்ட சொல்லல டாக்டர். மிஸ்கிட்ட சொன்னேன். ரெண்டு தடவை."

குற்றம் சாட்டும் குரலே அல்ல. அம்மாமீது பழி வந்துவிடக் கூடாதே என்ற பதற்றம்தான் அதில் இருந்தது.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்த மிஸ்? ஒரு பிள்ளை மூச்சு முட்டுதுன்னு ரெண்டு தடவை சொல்லியிருக்கு, வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா அந்தம்மாவுக்கு? பேர் சொல்லு, நான் பள்ளிக்கூடத்துக்கு எழுதுறேன்."

மகள் போர்வைக்கு அடியில் அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தாள். சொல்லாதே என்பதுபோல் இறுக்கினாள். அந்தப் பிடியில் பலமே இல்லை. அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"பாவம் டாக்டர், அவங்க நல்ல மிஸ்தான்" என்றாள் மகள்.

"எழுதிக்குங்க டாக்டர்" என்று அம்மா தன் பெயரைச் சொன்னாள். பேனா எழுதத் தொடங்கிவிட்டது. டாக்டரம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை.

"இவளோட பி.டி. மிஸ் நான்தான்."