ருசி பார்க்காத படையல்

தேவகி இரண்டு கோழிகளை வெட்டி மஞ்சள் தடவிச் சமையல் மேடையில் கொண்டுவந்து வைத்தபோது, புஷ்பவள்ளி சிவப்பு கேப்சிகத்தின் விதைகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் முந்திரிப் பருப்பு ஊறியது. மகள் ஷீலா செத்து அன்றோடு எட்டு நாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் படைக்க வேண்டும். புஷ்பவள்ளியின் புருஷனுடைய அக்கா என்ற உரிமையில் தேவகி காலையிலேயே திகாம் பத்துவிலிருந்து வந்து இறங்கிவிட்டாள். பாக்கார் ஆராங்கில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதுவரை அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இது எதுக்கு புஷ்பா?”

“ஷீலாவுக்கு அண்ணி. அவ சாப்பிடுறது.”

“அவ சாப்பிடுறது கோழிப் பிரட்டல். பத்து வயசுல ரெண்டு காலையும் ஒருத்தியா தின்னுட்டு எந்திரிப்பா. நான் பாக்காததா?”

“கோழிய நீங்கல்லாம் சாப்பிடுங்க. இலையில வைக்க விடமாட்டேன்.”

தேவகிக்கு முகம் சுருங்கியது. எட்டாம் நாள் படையல் என்றால் செத்தவருக்குப் பிடித்ததைத்தான் வைக்க வேண்டும், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பக்கிரிசாமி மாமா போனபோது கறுப்பு பீரை உடைத்துக் கிளாசில் ஊற்றியதோடு நிற்காமல், சிகரெட்டைப் பற்றவைத்தே இலை ஓரம் வைத்தார்கள். புற்றுநோயில் போன மனிதர், நுரையீரலில்தான். அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் ஷீலாவுக்குப் பிடித்தது எது என்பதில் இப்போது வழக்கு வந்துவிட்டது. கூடத்துக்குப் போகிற வழியில் தேவகி எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே சொன்னாள்: “கறி மீனு தின்ன உடம்பா இருந்தா டெங்கி வந்தாலும் தாங்கியிருக்கும். சத்தே இல்லாமத்தான் போச்சு புள்ள.”

அந்த வார்த்தையை எட்டு நாளாகப் புஷ்பவள்ளியே தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னது காதோடு நின்றுவிட்டது.

சைவம் என்றால் அவளுக்குப் புரியும். வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசி முழுக்கச் சைவம். ஷீலா இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டது வேறு. பால் கூடாது, தயிர் கூடாது, நெய் கூடாது, தேன்கூடக் கூடாதாம். பெண் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய வேலைக்குப் போய் வருவதைப் பார்த்துப் பெற்ற வயிறு சும்மா இருக்குமா? தினமும் அவளுடைய பருப்பில் மட்டும் ஒரு கரண்டி நெய்யைக் கலந்து, வாசம் தெரியாமல் இருக்கப் பெருங்காயத்தைக் கூடப் போட்டுக் கொடுத்தாள். ஐந்து மாதம். ஊட்டி வளர்த்த கைக்கு அது ஒரு தப்பாகவே தோன்றவில்லை. தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தபோது, பேச்சுவாக்கில் பெருமையாகவே அதைப் போட்டு உடைத்தாள். ஷீலா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் குளிர்ந்து புஷ்பவள்ளியும் கேட்டாள்: “அஞ்சு மாசமா தின்ன, செத்தா போயிட்ட?”

அடுத்த வாரமே ஷீலா குருணில் தான் வேலை பார்த்த ஃபேக்டரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏழு மாதத்தில் இரண்டே தடவை வந்தாள். வந்தபோதும் இந்த வீட்டில் தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை. இரண்டாவது தடவை ஒரு டப்பாவில் இதைக் கொண்டுவந்தாள். சுட்ட கத்திரிக்காயும் கேப்சிகமும் முந்திரியும் அரைத்தது. ரொட்டியில் தொட்டு நீட்டி, “ஒரு வாய் சாப்பிட்டுப் பாருமா,” என்றாள். புஷ்பவள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டு, “பல்லு போனவங்களுக்குக் குடு லா,” என்றாள். ரொட்டியை நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்ததை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். பார்த்தும் திரும்பவில்லை. அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தாள். நாலு நாள்.

மூன்று மணிக்குக் கைருன்னிசா வந்தாள். குருணில் ஷீலாவோடு ஒரே அறையில் இருந்தவள், அதே ஃபேக்டரி. அறையில் கிடந்த துணிமணிகளை இரண்டு பைகளில் கட்டி எடுத்து வந்திருந்தாள். சாமானை வைத்துவிட்டுப் போக வந்தவளைப் புஷ்பவள்ளி கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“அவ எப்டி செய்வா, சொல்லு.”

கைருன்னிசா சொல்லச் சொல்ல அவள் செய்தாள். கத்திரிக்காயில் எண்ணெய் தடவி அடுப்புத் தீயில் வாட்டி, தோல் லேசாகச் சுருங்கியதும் தணித்துத் திருப்பித் திருப்பிப் பதமாக வேகவைத்தாள். கேப்சிகம், வெங்காயம், ஒரு முழுப் பூண்டு. தோலை ஒரு துணுக்கு இல்லாமல் உரித்தாள். பிறகு முந்திரியோடு பிளெண்டரில் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பைக் கைக்கணக்கில் போட்டு அரைத்தாள். சமையலில் அவள் கை சோடை போனதில்லை. வழித்துக் கிண்ணத்தில் வைத்தபோது அது வெண்ணெய் மாதிரி வழவழவென்று, இளஞ்சிவப்பாக இருந்தது.

இது சரியா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவைகூட அவள் இதைத் தின்றதில்லை. படையலுக்கு வைப்பதை முன்னால் ருசி பார்க்கவும் கூடாது. உப்புப் பார்ப்பதற்குக்கூட நாக்கில் வைக்கக் கூடாது. செத்தவருக்கு வைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. இது வேறு எதுவாகவோ இருந்துவிட்டால், மகளுக்கு அவள் கடைசியாகப் போடுகிற இலையிலும் இன்னொரு ஏமாற்று வேலைதான் இருக்கும்.

“நீ சாப்பிட்டிருக்கல்ல?”

“வாரா வாரம் ஆண்ட்டி.”

“அப்ப படைச்சு முடிச்சதும் ஒரு வாய் தின்னுட்டு சொல்லு. சரியா இருக்கான்னு.”

கைருன்னிசா கீழே பார்த்தாள். “படைச்சத நாங்க சாப்பிடக்கூடாது ஆண்ட்டி. தப்பா எடுத்துக்காதீங்க.”

புஷ்பவள்ளி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணுடைய வழக்கம் அது. இந்த ருசி தெரிந்த ஒரே வாய் உலகத்தில் இவளுடையது. அந்த வாயில் படைத்த பிறகு போட முடியாது, படைப்பதற்கு முன்னாலும் போடக் கூடாது. கூடத்தில் தேவகி இலை அறுக்கச் சொல்லி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். புஷ்பவள்ளி சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள்.

“இப்பவே சாப்பிடு.”

“ஐயோ ஆண்ட்டி, படைக்கறதுக்கு முன்னாடி கூடாதுல்ல? ஷீலா சொல்லியிருக்கா.”

“கூடாதுதான். சாப்பிடு.”

கைருன்னிசா வாங்கி வாயில் வைத்தாள். விழுங்கினாள். “ரொம்ப நல்லா இருக்கு ஆண்ட்டி.”

“நல்லா இருக்கான்னு நான் கேக்கல. அவ செஞ்ச மாதிரி இருக்கா?”

கைருன்னிசா கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லத்தான் பார்த்தாள். கண் கலங்கிவிட்டதால் முடியவில்லை.

“இல்ல ஆண்ட்டி. அவ செய்றது இவ்ளோ நல்லா இருக்காது. கசக்கும். அடுப்புல வச்சிட்டு ஃபோன் பாத்துக்கிட்டே இருப்பா, ஒவ்வொரு வாட்டியும் கத்திரிக்கா தீஞ்சு போயிரும். தூக்கிப் போடு லான்னு சொன்னா கேக்க மாட்டா. கருக்குனதோட சேத்து அரைச்சிருவா. எங்கம்மா எதையும் குப்பையில போட விடமாட்டாங்கன்னு சொல்லுவா.”

அழுதால் நேரம் போய்விடும் என்று புஷ்பவள்ளி அழாமல் இருந்தாள். மேடையில் இன்னும் இரண்டு கத்திரிக்காய் மீதி இருந்தது. எண்ணெய்கூடத் தடவாமல் இரண்டையும் அடுப்பின்மேல் வைத்து, தீயை முழுக்கத் திறந்துவிட்டாள். தோல் படபடவென்று வெடித்தது. சாறு தீயில் சொட்டிச் சீறியது. முப்பது வருஷமாகச் சமைக்கிற கை இரண்டு தடவை தானாகத் தீயைத் தணிக்க அடுப்புக் குமிழை நோக்கிப் போனது. அவள் அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். புகை எழும்பி, சாத்திய கதவின் இடுக்கு வழியாகக் கூடத்துக்குப் போயிற்று.

“புஷ்பா! அடுப்புல என்னமோ தீயுது பாரு!” தேவகி கதவைத் தட்டினாள். “புஷ்பா!”

புஷ்பவள்ளி திரும்பவில்லை. கத்திரிக்காய்கள் கறுத்து, சுருங்கி, ஒரு பக்கம் சாம்பல் பூத்துக்கொண்டிருந்தன.

“போதுமா?” என்று கேட்டாள்.

கைருன்னிசா புகைக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் ஆண்ட்டி.”