மூன்றாவது நிமிடத்துக் கடல்

1997 செப்டெம்பர் பதினோராந் திகதி, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. மேற்கே வயல்வெளிகளின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, கிழக்கிலங்கைக் கல்முனைக்குடியின் ஒழுங்கைகளில் புழுதியாகக் கொட்டிவிட்டு, கிழக்கே கடலுக்குள் இறங்கிப்போகும் காற்று அது. வீட்டிலிருந்து கடல் முந்நூறு மீற்றர் தூரத்தில்தான் இருந்தது. எனினும் கச்சான் மாதங்களில் அலையின் ஓசை வீடுவரை வருவதில்லை; காற்று அதைக் கடலுக்கே திருப்பி அனுப்பிவிடும்.

வீடு நதீராவுடையது. ஊர் வழக்கப்படி கலியாணத்தின்போது அவளுக்கு எழுதப்பட்டது. ஜெமீல் அங்கே குடிவந்த மாப்பிள்ளை. குடிவந்தான் என்பதுகூட முழு உண்மையன்று. கலியாணமாகி எட்டு ஆண்டுகளில் ஆறரை ஆண்டை அவன் ரியாத் நகரில், ஒலிக்கருவிகள் விற்கும் கடையொன்றில் கழித்திருந்தான். இப்போது இரண்டு மாத விடுமுறையில் வந்திருந்தான். அவன் கொண்டுவந்த ஸ்டீரியோ செட் முன்னறையின் ஒரு சுவரை முழுதாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

மேசையில் இரண்டு பொருள்கள் கிடந்தன. ஒன்று, ஸ்பீக்கருக்குரிய கேபிள்: பெருவிரல் பருமன், நீலப் பின்னல் உறை, பொன்முலாம் பூசிய முனைகள். மற்றது, வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க விருப்பமா, இல்லையா என்று கேட்கும் படிவம். அன்று ஐந்து மணிக்குள் அது சாய்ந்தமருதிலுள்ள முகவர் கந்தோருக்குப் போய்ச் சேரவேண்டும். கொண்டுபோய்க் கொடுப்பதாகத் தம்பிமுத்து ஒப்புக்கொண்டிருந்தார். காரைதீவுக்காரர்; வானொலி திருத்துபவர்; வீட்டுக்குத் திரும்பும் வழி அதுதான்.

"ஒட்சிசன் நீக்கின செம்பு, அண்ணன்," என்றான் ஜெமீல்.

தம்பிமுத்து கேபிளைக் கையில் நிறுத்துப் பார்த்தார். "பாவமே. செம்புக்கு மூச்சு முட்டாதா தம்பி?"

"மூச்சு முட்டினது எனக்குத்தான் அண்ணன்," என்றாள் நதீரா. "ஒரு தையல் மெசின்ட சல்லி இது."

ஜெமீலுடைய காது நுட்பமானது என்று கடை முதலாளி நம்பினார். அதற்காகவே, திரும்பி வந்தால் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளன் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார். அவனும் தன் காதை நம்பினான். சேதியைக் கேட்ட நதீரா அழவில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. பரீட்சை வைத்தாள்.

"காதுக்காகத்தானே மச்சான் கூப்பிடுறாங்க? அந்தக் காதைப் பாப்பம். இந்த வயரு எது, அண்ணன்ட வயரு எது எண்டு பத்துக்கு எட்டு சரியாச் சொல்லுங்க. போங்க, நான் வாயே தொறக்க மாட்டன். இல்லாட்டி இஞ்சயே இரிங்க."

"ஓம்," என்றான் அவன். அவ்வளவு உறுதியாக இருந்தான்.

அண்ணனின் வயர் என்பது தம்பிமுத்து கொண்டுவந்த, அழைப்புமணிக்கு இழுக்கும் சாதாரண இரட்டை வயர். செட்டுக்கு முன்னால் பெட்சீற் கட்டினார்கள். நதீரா காசைச் சுண்டுவாள். விழுந்த பக்கத்தின்படி தம்பிமுத்து வயரை மாட்டுவார். அதே வயர் மறுபடி வந்தாலும் கழற்றித்தான் மாட்டவேண்டும், ஓசையில் துப்புக் கிடைக்கக்கூடாது. ஜெமீல் முதுகைக் காட்டி அமர்ந்து, கேட்டதைத் தாளில் எழுதவேண்டும்.

எதைக் கேட்பது என்பதை அவனே தேர்ந்தெடுத்தான். நதீரா ரியாத்துக்குப் பேசி அனுப்பிய கெசட்டுகளில் ஒன்று. கடிதத்துக்குப் பதில் கெசட் அனுப்புவது அக்காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பழக்கம். உறையில் அவளுடைய கையெழுத்தில் '1993.07.18' என்றிருந்தது. முதல் இரண்டு நிமிடங்கள் சுகம் விசாரிப்பு. மூன்றாவது நிமிடத்தில் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். அப்போது கடல் வரும்.

அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆறு பேர் உறங்கும் அறையில், குளிரூட்டியின் இரைச்சலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, அந்த ஒரு நிமிடத்தை எத்தனையோ நூறு முறை கேட்டிருக்கிறான். எனக்காகக் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்திருக்கிறாள், வாயை மூடிக்கொண்டு கடலைப் பேசவிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வான். அலை ஏறும், ஒரு கணம் தயங்கும், மணலை அரித்துக்கொண்டு இறங்கும். நல்ல கருவி வாங்கியதும், நல்ல கேபிள் தேடியதும் அந்த நிமிடத்துக்காகத்தான். ஒவ்வொரு செலவுக்குப் பின்னும் கடல் ஓரடி கிட்ட வந்ததாகவே அவனுக்குப் பட்டது.

இப்போதும் வந்தது. கண்ணை மூடினான். முன்னறையின் சீமெந்துத் தரை மெல்ல ஈரமாயிற்று. சுவர்கள் விலகின. கதிரையின் கால்கள் மணலில் புதைய, கணுக்காலைச் சுற்றி நுரை வந்து வட்டமிட்டுப் போயிற்று. 'தடித்தது' என்று எழுதினான். மறுபடி அலை. 'மெல்லியது.' ஆறாவது முறை கடல் மார்புவரை ஏறியது. 'தடித்தது, ஐயமில்லை' என்று எழுதி அடிக்கோடும் இட்டான்.

பத்தும் முடிந்ததும் தம்பிமுத்து சிகரெட் பெட்டி அட்டையில் குறித்துவைத்திருந்ததோடு தாளை ஒப்பிட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஒப்பிட்டார்.

"அஞ்சு சரி, அஞ்சு பிழை. இந்தக் காசுக்கும் உமக்கும் ஒரே காதுதான் தம்பி."

"ஆறாவது?"

"ஆறாவது என்ர வயர்."

ஜெமீல் தாளை வாங்கி, தான் இட்ட அடிக்கோட்டைப் பார்த்தான். பிறகு, "வயர விடுங்க. கடல் கேட்டிச்சி. அது பொய்யில்ல," என்றான்.

"என்ன கடல்?" என்றாள் நதீரா.

அவன் சொன்னான். முதன்முறையாக, ரியாத்தின் அறையையும் மூன்றாவது நிமிடத்தையும் சொன்னான். அவள் முதலில் சிரிக்கப் பார்த்தாள், பிறகு சிரிக்கவில்லை. கெசட் உறையை எடுத்துத் திகதியைப் பார்த்தாள். அடுக்களைக்குப் போய்வந்து, தம்பிமுத்துவின் காதில் ஏதோ சொன்னாள்.

"ஒண்டு கூடுதலா இரிக்கட்டும்," என்றார் அவர். "பதினொண்டாவது. திரும்பி இரும்."

அவன் திரும்பி அமர்ந்தான். கண்ணை மூடினான். கடல் வந்தது. முந்திய பத்து முறையும் வராத அளவுக்குக் கிட்ட வந்தது. ஒவ்வொரு மணல்துகளும் தனித்தனியாக உருண்டது. 'தடித்தது' என்று எழுதினான்.

தம்பிமுத்து பெட்சீற்றை அவிழ்த்தார். இரண்டு வயர்களும் கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தன. செட்டின் சிவப்பு விளக்கும் அணைந்திருந்தது. தரையில் அமர்ந்து, மடியில் சுளகை வைத்து, நதீரா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏழாம் மாசம், கச்சான்," என்றாள், கையை நிறுத்தாமல். "எந்தக் கடல் மச்சான் கேக்கும் இஞ்ச?"

திகதி அவனுக்கு மனப்பாடம். கச்சான் அவன் பிறந்ததிலிருந்து அறிந்த காற்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்க மட்டும் அவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"அப்ப உம்மாவும் ராத்தாவும் அடுத்த அறையில. ஒங்களோட கதைக்கிறது அவங்களுக்குக் கேக்கப்படாதெண்டு சுளகப் பொடச்சிக்கிட்டுக் கதச்சன்."

"கதச்சியா? நீ பேசாம இருந்தாய் எண்டல்லவா நான்..."

"பேசாம இரிக்க எனக்கென்ன பைத்தியமா? அந்த நிமிசத்திலதான் சொல்லவேண்டியதச் சொன்னன். ஒங்களுக்கும் கேக்கல்லியா?"

தம்பிமுத்து சால்வையை அவசரமாகத் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளைப் பார்க்க வாசலுக்குப் போனார்.

"என்ன சொன்னாய்?" என்றான் ஜெமீல்.

சுளகு நின்றது. வீட்டில் ஓசையே இல்லை.

"வந்திருங்க. சாமான் ஒண்டும் வேணாம். வந்திருங்க."

நான்கு ஆண்டுகளாக அந்தச் சொற்கள் அவன் காதுக்குள்ளேயே கிடந்திருந்தன. அவற்றின்மேல் அவன் கடலை ஓடவிட்டிருந்தான். பிறகு மேசையருகே போய்ப் படிவத்தை எடுத்தான். 'விரும்பவில்லை' என்பதற்கு எதிரேயுள்ள கட்டத்தில் அடையாளமிட்டான். முழுப்பெயரை எழுதி ஒப்பமிட்டான். திகதி இட்டான். நேரத்தையும் எழுதினான்: 4.10. மை காயும்வரை தாளைக் காற்றில் பிடித்திருந்துவிட்டு, வாசலுக்குப் போய், சைக்கிளில் ஏறத் தயாராக நின்ற தம்பிமுத்துவின் கையில் கொடுத்தான்.