பூபாலன் போட்ட பூட்டு

என் கணவர் பூபாலனுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. வருகிற பொருளைச் சோதித்து உள்ளே விடுகிறவர். அந்தப் புத்தி வீட்டுக்கும் வரும். போன வருடம் மகள் எதையோ இறக்கப்போய் லேப்டாப் படுத்துவிட்டது. அன்றிலிருந்து அவர் கடவுச்சொல் போடாமல் எந்த மென்பொருளும் அதில் ஏறாது. மகளுக்குப் போட்ட பூட்டு எனக்கும் சேர்த்துத்தான்.

அந்தப் புதன்கிழமை பதினோரு மணிக்கு எனக்கு ஆன்லைன் தேர்வு. முகப்பேரில் ஒரு பள்ளியில் அலுவலக வேலைக்காக. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் கழித்து நான் கேட்ட முதல் வேலை. தேர்வுக்கான மென்பொருளைப் பத்து மணிக்குத்தான் அனுப்பினார்கள். இறக்கித் தட்டினால், நிர்வாகியின் கடவுச்சொல் கொடு என்கிறது.

இவரைக் கூப்பிடவும் வழியில்லை. கைப்பேசியைத் தொழிற்சாலை கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். என் அழுகை கேட்டுப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சபீனா ஓடிவந்தாள். மகள் பெயர், இவர் ஊர் நசரத்பேட்டை, லோகநாயகி என்கிற என் பெயர், எல்லாம் போட்டுப் பார்த்தோம். என் பெயரும் இல்லை என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"அழுதுகினு இருந்தா ஆவுமாக்கா? நான் கேட்டாண்ட போய்க் கேட்டுகினு வரேன்" என்று ஸ்கூட்டியை எடுத்தாள்.

அரைமணி நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினாள். காவலர் உள்ளே போன் போட்டாராம். "பாஸ்வேர்ட போன்ல சொல்லக்கூடாது" என்று இவர் வைத்துவிட்டாராம். மனுஷனா இவர் என்று வாய்விட்டே திட்டினேன்.

பத்தே முக்காலுக்கு வாசலில் சைக்கிள் நின்றது. என் பிரசவத்துக்குக்கூட ஒரு மணி நேரம் பர்மிஷன் போடாத மனிதர், வியர்வை சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்.

"இன்னா ஃபைல் அது? யார் அனுப்புனது?"

அனுப்பிய முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தார். பள்ளிக்கே போன் போட்டு உறுதி செய்துகொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம்தான் கடவுச்சொல்லைத் தட்டினார். மென்பொருள் ஏறியது.

சபீனாவைக் கட்டிக்கொண்டேன். இவரோ நாற்காலியை விட்டு எழவில்லை. அமைப்புகளுக்குள் போய் என்னை நிர்வாகியாக்கினார். தன்னைச் சாதாரணப் பயனராக இறக்கிக்கொண்டார்.

"தப்பு என்னுதுதான் லோகா. இனிமே எது ஏத்தணும்னாலும் நான்தான் உன்னாண்ட கேக்கணும்."

தேர்வுக்கு மூன்று நிமிடம் இருந்தது. எவ்வளவோ சொல்லவேண்டும் போல இருந்தது. "நல்லா இருங்க" என்று மட்டும்தான் வந்தது.