அண்ணி தம் கட்டுகிறாள்

தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலி. மூன்றாவது மாடிக்கு நாளெல்லாம் செங்கல் சுமந்தவளுக்கு வேறென்ன வலிக்கும்? வீட்டுக்குள் நுழைந்ததும் வெறுந்தரையில் மல்லாந்து படுத்தாள். மூச்சைப் பிடித்தாள்.

தையல் மெஷினில் இருந்த நாத்தனார் சிரித்தாள். "எங்கண்ணன் தம் அடிக்கறாரு, அண்ணி தம் கட்டறாங்க. என்னா பொருத்தம்!"

அவள் புஸ்ஸென்று மூச்சை விட்டாள். "சிரிக்க வைக்காதடி!"

எல்லாம் ஞாயிறுதோறும் பழகப் போகிற அந்த நீச்சல் குளத்துக்காகத்தான். ஆழமில்லாத பக்கத்தில் இக்கரையிலிருந்து அக்கரைவரை காலூன்றாமல் நீந்திக் காட்டினால்தான் ஆழத்துக்கு விடுவார்கள். இவளுக்குப் பாதியிலேயே மூச்சு முட்டும். எழுந்து நின்றுவிடுவாள். "ஆன்ட்டி நின்னுட்டாங்க!" என்று பொடிசுகள் கத்தும். மானம் போகும். குளத்துக் காவல்காரிதான் வழி சொன்னாள்: "வீட்ல படுத்துக்கிட்டு மூச்சு பிடிச்சுப் பழகுங்க. பக்கத்துல ஆள் இருக்கணும். தண்ணிக்குள்ள தனியா மட்டும் செஞ்சிராதீங்க."

ஆனால் செங்கல் தூக்குகிறவள் மூச்சைப் பிடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பிடிப்பாள்.

"அண்ணி, தோளு காதுகிட்ட நிக்குது. அளவு குடுக்க வர்றவங்களும் இப்படித்தான் நெஞ்சை நிமித்திக்குவாங்க. அப்படியே தைச்சா சட்டை சரியா வருமா? சும்மா நில்லுங்கன்னு சொல்லிட்டுத்தான் டேப்பே வைப்பேன். நீங்களும் சும்மா கெடங்க."

சும்மா கிடக்கிற வேலையை இதுவரை யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. மறுபடி மூச்சைப் பிடித்தாள். தாடையைத் தளர விட்டாள், தோளைத் தளர விட்டாள். உடம்பு மூச்சு கேட்டது. செத்தோம் என்று நினைத்தாள். சாகவில்லை. கேட்டுவிட்டு அது அடங்கியது. அட!

அன்றிலிருந்து மாலைதோறும் பழகினாள். நாத்தனார் தைக்கிற துணியை மடியில் போட்டபடி அவள் முகத்தையே பார்த்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் கரையில் நிற்க, குளத்தில் இறங்கினாள். வழக்கமாக நிற்கிற இடம் வந்தது. நெஞ்சு முட்டியது. கால் தரையைத் தேடியது. 'சும்மா கெட' என்று தனக்கே சொல்லிக்கொண்டு குமிழி குமிழியாக மூச்சை விட்டாள். முகத்தைத் திருப்பி நிதானமாக ஒரு மூச்சு. கை தானாகப் போயிற்று.

"விடாதீங்க அண்ணி! வந்துருச்சு, வந்துருச்சு!" நாத்தனாரின் குரல் கூரையைப் பிளந்தது.

கை சுவரில் மோதியது. பொடிசுகள் ஓவென்று கூவின. காவல்காரி சிரித்துக்கொண்டே ஆழத்துப் பக்கத்துக் கயிற்றைத் தூக்கிவிட்டாள். இவள் மீன்குஞ்சு மாதிரி அதன் அடியில் நுழைந்து, ஆழத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கரையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "ஏய், உனக்கு என்ன வேணும் சொல்லு! எது கேட்டாலும் தர்றேன்!"

நாத்தனார் விளிம்புக்கு வந்து கால் கட்டைவிரலை நனைத்தாள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "எனக்கும் கத்துக் குடுங்க. எத்தனை நாளைக்கு உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது?"

"இப்பவே இறங்குடி!"

விசில் ஊதினார்கள். நேரம் முடிந்தது, எல்லோரும் மேலே வரவேண்டும்.

நாத்தனாருக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டும். அந்தக் கடன் இன்னும் பாக்கி.