தேவதாஸ் முடிவு செய்யாத புத்தகம்

அப்பாவின் சூட்கேஸைத் தலைக்கு மேல் தூக்கி உள்ளறைக்குக் கொண்டுபோய்விடலாம் என்ற யோசனை ரிச்சர்டுடையதுதான். கூடத்தில் ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கால் வைக்க இடமில்லை. பாதி வழியில் ஜிப் வாயைப் பிளந்தது. உள்ளே இருந்த புத்தகங்கள் முதலில் ஒவ்வொன்றாக, பிறகு மொத்தமாக, ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் விழுந்தன. கடைசியாக ஒரு ஸ்வெட்டர் வந்து எல்லாவற்றையும் மூடியது.

செபம் நின்றது. எல்லோரும் திடுக்கிட்டார்கள், உள்ளே படுத்திருந்த தேவதாஸைத் தவிர.

“கண்ணாடி ஒடஞ்சிச்சாடா?” வாசலிலிருந்து லூயிஸ் சித்தப்பா கத்தினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த விபத்திலும் முதலில் சேதாரம் கேட்பார்.

“இல்ல சித்தப்பா.”

“அண்ணனா இருந்தா புத்தகம் கிழிஞ்சிச்சான்னு கேட்டிருப்பாரு.”

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு, சமாளித்து, அதையே அழுகையாக மாற்றிக்கொண்டாள்.

ரிச்சர்ட் மண்டியிட்டுப் பொறுக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு மே மாதமும் குடும்பத்தோடு ஏற்காடு. மின்துறையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அப்பாவுக்கு ஏற்காட்டைவிட அதற்கு முந்தின வாரம்தான் பிடிக்கும். கட்டில் முழுக்கப் புத்தகங்களைப் பரப்பி, எது வரலாம், எது வேண்டாம் என்று பெண் பார்க்கும் கெடுபிடியோடு ஆராய்வார். சூட்கேஸில் பாதி துணிக்கு, பாதி புத்தகத்துக்கு என்று அம்மா சட்டம் போட்டிருந்தாள். அவள் அடுப்படிக்குப் போனதும் அவளுடைய சேலை ஒன்று வெளியே வரும், நாவல் ஒன்று உள்ளே போகும். அம்மா ஒரு வருஷம் ஏற்காட்டில் ஒரே சேலையோடு மாதாவுக்கு நேர்த்திக்கடன் வைத்தவள் மாதிரி சுற்றினாள்.

நேற்று சாயந்தரமும் அப்படித்தான். வலது கையில் ஒரு புத்தகம், இடது கையில் ஒரு புத்தகம். டீ கொண்டுபோன அம்மா, “எதுனா ஒண்ண வையுங்களேன்” என்றிருக்கிறாள். பதில் இல்லை. “முடிவு பண்ணாமயே போய்ட்டாருங்க,” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்வெட்டரை எடுத்தபோது அடியில் கிடந்தது ‘குடை மறந்த ஊர்’. எழுதியவர் ரிச்சர்ட் தேவதாஸ். சொந்தக் காசில் அச்சடித்த சிறுகதைத் தொகுப்பு. மிச்சப் பிரதிகள் அவன் கட்டிலுக்கடியில் கரப்பான்களின் வாசக வட்டத்தை வளர்த்துக்கொண்டிருந்தன. முதல் பிரதியை வாங்கிப் பார்த்த அப்பா, “அட்டை நல்லாருக்கு” என்றார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஒற்றை விமர்சனத்தை வைத்துத்தான் ரிச்சர்ட் இத்தனை வருஷம் இலக்கியவாதியாகக் காலம் தள்ளினான்.

இது ஏன் சூட்கேஸுக்குள்? படிக்கவா, இடுக்கில் அடைக்கவா?

அப்பன் செத்த வீட்டில் ஒரு மனுஷன் கேட்கிற கேள்வியா இது என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டி முடித்ததும் போய்க் கேட்டான்.

“க்கா, அப்பா என் புக்க படிச்சிருக்காரா?”

“சாமியாருக்கு காபி குடுத்தியாடா?” என்றாள் அஞ்சலி.

சித்தப்பாவிடம் போனான். “படிக்காமயாடா? பட்டாணி மடிச்ச காகிதத்தையே பிரிச்சிப் படிக்கிற ஆளு.”

“இத படிச்சாரா?”

சித்தப்பா புத்தகத்தை வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். “நல்ல கனமான பேப்பர்டா,” என்று திருப்பிக் கொடுத்தார்.

மூன்று மணிக்குச் சவப்பெட்டி வந்தது. உப்பளம் கல்லறையில் குழி தயாராம். அப்பாவைப் படுக்க வைத்துக் கையில் செபமாலையைச் சுற்றியதும் அம்மா வாயைத் திறந்தாள். “ஒரு புத்தகம் வைக்கணும் சாமி. பொதுத்தீர்வைக்கு எழுப்புற வரிக்கும் சும்மாவே கெடக்க முடியாதுன்னு சொல்லினே இருப்பாரு.”

பங்குச்சாமியார் சற்று யோசித்தார். “ஒண்ணுதான். அதுக்கு மேல லக்கேஜ் கூடாது.”

கூடமே ஏற்காட்டுக்குக் கிளம்புகிற மாதிரி ஆகிவிட்டது. சித்தப்பா பிரெஞ்சு அகராதியைத் தூக்கினார். “மொத்தமா இருக்கு. ரொம்ப நாளு வரும்.” அஞ்சலி ஒரு துப்பறியும் நாவலைக் காட்டினாள். கடைசிப் பக்கங்கள் இல்லை என்று தெரிந்ததும், “ஐயோ, யாரு கொன்னான்னு தெரியாம அப்பா எப்படிக் கெடப்பாரு?” என்று வாய்விட்டு அழுதாள். கைகளில் இருந்த அந்த இரண்டில் ஒன்றை வைக்கலாம் என்றார் ஒருவர். “எதன்னு அவருக்கே தெரியலையே,” என்றாள் அம்மா.

ரிச்சர்ட் தன் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி நின்றான். நீட்டினால் வெட்கம், நீட்டாவிட்டால் இனி எப்போதும் தெரியப்போவதில்லை. அம்மா அவன் கையை எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடா அது?”

“ஒண்ணுமில்ல.” புத்தகத்தை முன்னால் கொண்டுவந்தான். “ம்மா, நீயாவது நேரா சொல்லு. அப்பா இத படிச்சாரா இல்லியா?”

அம்மா வீங்கிய கண்களால் மகனைப் பார்த்தாள்.

“படிச்சாரு. வருஷா வருஷம், ஏற்காட்டுல, நீ தூங்கினப்புறம்.”

“எப்படி இருக்குன்னாரு?”

“நல்லால்லன்னாரு.”

சாமியார் மேற்கூரையைப் பார்த்தார்.

“அப்புறம் எதுக்கும்மா மறுபடி மறுபடி எடுத்துனு போனாரு?”

“போன தடவ நான்தான் சரியா படிக்கல போலன்னுவாரு. இந்த தடவ பாரு, நல்லாருக்கும்னுட்டு மொதல்ல அதத்தான் உள்ள வைப்பாரு. மத்ததுக்குத்தான் அத்தன ரோதன. குடு இப்டி.”

வாங்கி, அட்டையை முந்தானையால் துடைத்து, அவர் இடுப்போரமாக வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அங்க எட்டாதுடா. நீ சரியா வையி.”

ரிச்சர்ட் குனிந்து, புத்தகத்தை அந்தக் கைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினான்.